நலமுள்ளவர் எண் பதினொன்று

“இந்த நாலு சொட்டு ரத்தத்துல நீ என்னத்தைப் பாப்பா கண்டுபிடிச்சிரப் போற?”

ஆய்வு மாணவியாக நான் அந்த மருத்துவமனைக்குப் போன முதல் நாள், ரத்தம் எடுக்கும் அறையில் இருந்த அக்கா கேட்டது இது. குரலில் கேலி இல்லை. கத்தரிக்காய் பிஞ்சா முற்றலா என்று கடையில் கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. என் அப்பா மண்ணச்சநல்லூரில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மா அதே மில்லின் களத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலிடம், எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம், தேசிய அளவில் எழுதித் தேறிய தேர்வு என்று வரிசையாக அவரிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும், “நல்லது. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லு, பின்னாடி பெரியவர் நிக்கறார்” என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனை என்பது மட்டும் போதும். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கணவர், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகள் ஆகியோருடன் குடியிருந்தார். மருத்துவமனைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஊசி ஏற்றி ரத்தம் எடுப்பது அவர் வேலை.

அந்த வேலையில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. வேறு வார்டுகளில் நாலு இடத்தில் குத்தியும் ரத்தம் வராதவர்களைக் கடைசியில் இவரிடம்தான் அனுப்புவார்கள். இடது கையின் நடுவிரல் நுனியை முழங்கை மடிப்பில் வைத்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, ரத்தக்குழாயைத் தேடுவார். கிடைத்ததும், “இருக்கு, ஓடிப் போகல” என்பார். ஊசி ஏறும்போது எல்லோரிடமும் ஒரே பேச்சுதான்: “வலிச்சா சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க.” வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டார், அவர்களுடைய கால் விரல்களைப் பார்ப்பார். “கால் விரல் மடங்குதே. வாய் சொல்றதை நான் எடுத்துக்கறதில்ல.” ஒருமுறை மீசை வைத்த ஒரு போலீஸ்காரர், “இதெல்லாம் ஒரு வலியா?” என்றார். “சார், ஷூவைக் கழட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார் அக்கா. வரிசை முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டார்.

ஊரில் எல்லோருடைய வலியையும் விசாரித்தவர், தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைவலி, கால்வலி என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வதைக்கூட அவர் வாயில் நான் கேட்டதில்லை. வலியே இல்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் நான் அங்கே போவேன். மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் முடக்குவாத நோயாளிகளில், எங்கள் ஆய்வுக்குச் சம்மதித்தவர்களின் ரத்தத்தைப் பச்சை மூடி போட்ட குழாய்களில் வாங்கி, ஒரு பெட்டியில் வைத்து, பஸ்ஸில் எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் ஐஸ் இருக்காது. நாங்கள் பார்க்கும் செல்கள் குளிர்ந்தால் கெட்டுவிடும். “என்னம்மா, ஐஸ்கிரீமா?” என்று ஒரு கண்டக்டர் கேட்பார். “ரத்தம்” என்பேன். பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும்.

இரண்டாவது வாரம் அக்கா, “அன்னைக்குக் கேட்டேன். நீ மார்க்கைச் சொன்ன, விஷயத்தைச் சொல்லல” என்றார். அப்போதுதான் சொன்னேன்.

“கிருமி வந்தா அடிக்கிறதுக்கு உடம்புல வெள்ளை அணுக்கள் இருக்குல்லக்கா. அதுல ஒரு கூட்டத்தோட வேலையே மத்தவங்களை நிறுத்தறதுதான். கிருமி போயிருச்சு, போதும், கலைஞ்சு போங்கன்னு சொல்லும்.”

“அடிக்கிறவன் கேட்பானா?”

“நல்லா இருக்கிறவங்க உடம்புல கேட்பான். முடக்குவாதம் வந்தவங்க உடம்புல கேட்கறதில்ல. கிருமியே இல்லாதப்பவும் மூட்டைப் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கும். நிறுத்தச் சொல்ற ஆளுங்க எண்ணிக்கையில கம்மியா, இல்ல இருந்தும் சொல்றது எடுபடலையா, இல்ல அவங்களும் மனசு மாறி அந்தப் பக்கம் சேர்ந்துட்டாங்களா... அதைத்தான் பார்க்கறோம்.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “எங்க சந்துல தண்ணிக்குழாய்ச் சண்டை மாதிரி. விலக்கிவிடப் போன எங்க மாமியார்தான் முதல் குடத்தை எறிஞ்சாங்க.”

அடுத்த செவ்வாய்க்கிழமை, திருவானைக்காவலிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவிடம் இதையே அவர் தன் பாணியில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா உடனே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அரை மணி நேரம் விளக்கியும் முந்தின வாரம் மறுத்தவர் அவர்.

முடக்குவாத நோயாளிகளிடம் அக்கா நடந்துகொள்ளும் விதம் தனி. மற்றவர்களிடம், “கையை நல்லா இறுக்கி மூடுங்க” என்பார். இவர்களிடம் சொல்ல மாட்டார். பழைய பருத்திப் புடவையில் தைத்த ஓர் உருண்டையை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். அதை உள்ளங்கையில் கொடுத்து, “சும்மா வச்சிருங்க, அமுக்க வேண்டாம்” என்பார். அது எப்படி அவருக்குத் தோன்றியது என்று நான் கேட்டதில்லை. பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னும் சிலவற்றையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். காலையில் வந்ததும் டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, டீ ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். டீ என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை என்று நாங்கள் சிரிப்போம். பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது மேல் கம்பியைப் பிடிக்காமல், பக்கக் கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டு நிற்பார். ஒரு புரட்டாசி சனிக்கிழமை அம்மாவுடன் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனபோது, தாயார் சன்னதியில் அவரைப் பார்த்தேன். கும்பிட்ட கைகளில் உள்ளங்கைகள் சேரவில்லை. விரல் நுனிகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன; நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கலாம் போல இடம். “எவ்வளவு பவ்யமா சேவிக்குது பாரு” என்றார் அம்மா. மணிக்கட்டு மடங்காமல் உள்ளங்கைகள் ஒட்டாமல் போவது முடக்குவாதத்தின் அடையாளங்களில் ஒன்று. அந்தப் படத்தைத் தேர்வில் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன், அம்மா சொன்னதை ஆமோதித்தேன்.

ஆய்வின் இரண்டாவது வருடம் வேறொரு தலைவலி வந்தது. நோயாளிகளுடன் ஒப்பிடுவதற்கு, நோய் எதுவும் இல்லாத பெண்கள் பதினைந்து பேரின் ரத்தம் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல். நோயாளிகள் கிடைத்தார்கள், நலமாக இருப்பவர்கள் கிடைக்கவில்லை. “நல்லா இருக்கிறவ எதுக்குடி ரத்தம் கொடுக்கணும்?” என்று என் சித்தியே கேட்டார். களத்தில் அம்மாவுடன் வேலை செய்கிற பெண்கள், நான் வந்தாலே நெல்லைத் துழாவிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விடுவார்கள். பாலக்கரையில் கல்லூரித் தோழியின் வீட்டு மாடியில் குடியிருந்த மூன்று பேர், கல்லூரி அலுவலகத்தில் நான்கு பேர், அங்கே இங்கே மூன்று பேர் என்று கெஞ்சிக் கூத்தாடிப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். அங்கேயே நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் வடிந்த பிறகு அக்கா கேட்டார். “என்ன விஞ்ஞானி, முகம் ஏன் இப்படித் தொங்குது?”

சொன்னேன்.

“என்னை எடுத்துக்க மாட்டியா?”

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் தலையிலேயே தட்டிக்கொண்டேன். படிவத்தை எடுத்தேன். கேள்விகளை நான் வாசிக்க, அவர் பதில் சொன்னார். சர்க்கரை? இல்லை. ரத்த அழுத்தம்? இல்லை. மூட்டு வலி, வீக்கம், காலையில் எழுந்ததும் கை விறைப்பு? “இல்ல. எழுது.” கடைசிக் கேள்வி: இந்த ஆய்வில் உங்கள் உடல்நலம் பற்றி ஏதேனும் தெரியவந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா?

“வேண்டாம்னு போடு.”

“ஏன்கா? எல்லாரும் சொல்லுன்னுதான் போடறாங்க.”

“நல்லா இருக்கிறவகிட்ட என்ன தெரியவரப் போகுது? போடு.”

போட்டேன். கீழே கையெழுத்திட்டார். ரத்தம் எடுக்க இன்னொரு பெண்ணைக் கூப்பிடலாம் என்றேன். “அவ குத்தினா நாலு நாள் நீலமா இருக்கும்” என்று, ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத் தன் இடது கையில் தானே கட்டிக்கொண்டார். விதிப்படி செய்யக் கூடாத காரியம். வலது கையால் ஊசியை ஏற்றினார். நான் குழாயை மாட்டினேன். இடது கை முழுக்க மூடாமல், பாதி மடங்கிய விரல்களோடு மேஜைமேல் கிடந்தது. அதையும் பார்த்தேன். குழாய் நிறைகிறதா என்பதில்தான் என் கவனம் இருந்தது. நலமுள்ளவர் எண் பதினொன்று என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன்.

எங்கள் சோதனையை இப்படிச் சொல்லலாம். ரத்தத்திலிருந்து அந்த நிறுத்தச் சொல்லும் செல்களைத் தனியே பிரித்தெடுப்போம். அதே ரத்தத்தின் தாக்கும் செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, அவற்றைத் தூண்டிவிட்டு, இரண்டையும் ஒன்றாக நான்கு நாள் வைப்போம். தாக்கும் செல் இரண்டாகப் பெருகும்போதெல்லாம் சாயம் பாதி பாதியாக மங்கும். நிறுத்தச் சொல்லும் செல்கள் ஒழுங்காக வேலை செய்தால் தாக்குபவை அதிகம் பெருகாது, சாயம் பளிச்சென்று இருக்கும். முந்தைய பத்துப் பேருக்கும் அப்படித்தான் இருந்தது. பதினோராவது ஆளின் சாயம் மங்கிப் போயிருந்தது. எண்ணிக்கையில் குறைவே இல்லை. நிறுத்தச் சொல்லும் செல்கள் மற்றவர்களுக்கு இருக்கும் அளவுக்கே இருந்தன. ஆனால் அவை சொன்னதைத் தாக்கும் செல்கள் கேட்கவில்லை.

என் கைத்தவறு என்று நினைத்தேன். மறுபடியும் ரத்தம் கேட்டேன். “போன தடவை டியூப் கீழ விழுந்துருச்சுக்கா” என்று பொய் சொன்னேன். “அடுத்த வெள்ளி எடுத்துக்க” என்றவர், வேறொன்றும் கேட்காமல் அன்று கொடுத்தார். மறுபடியும் அதே மங்கல். இந்த ஒரு சோதனையை வைத்து யாரையும் நோயாளி என்று சொல்ல முடியாது. அதனால் எல்லோருடைய ரத்தத்திலும் கடைசியில் பார்ப்பதாக வைத்திருந்த இன்னொரு சோதனையை, அவருக்கு மட்டும் முன்கூட்டியே செய்தேன். முடக்குவாதத்தில் காணப்படும் எதிர்ப்பொருள் அவர் ரத்தத்தில் நிறைய இருந்தது.

அதன்பிறகுதான் டீ டம்ளர், பஸ் கம்பி, தாயார் சன்னதி எல்லாம் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தன. ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்து, என் தங்கப் பதக்கத்தை எந்தக் கிணற்றில் போடலாம் என்று யோசித்தேன்.

என் ஆய்வு வழிகாட்டி நிதானமானவர். “அவங்க சொல்ல வேண்டாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாம மீற முடியாது. நெறிமுறைக் குழுவுக்கு எழுது, அவங்க முடிவு பண்ணட்டும்” என்றார். குழு கூடுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. இந்த நோயில் சிகிச்சை இல்லாமல் போகிற மாதங்கள் மூட்டை அரித்துக்கொண்டே போகும். அரித்தது திரும்ப வராது. அவருக்குப் பிழைப்பே அந்த விரல்கள்தான். குழுவுக்கு எழுதினேன். ஆனால் காத்திருக்கவில்லை. நான் செய்தது சரி என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், மருத்துவமனை கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடி பெஞ்சில் அவர் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“அக்கா, அன்னைக்குக் கடைசிக் கேள்விக்கு வேண்டாம்னு போட்டோம்ல. இப்பவும் அதே பதில்தானா?”

அவர் டம்ளரை பெஞ்சில் வைத்தார். “கேக்கறதுலேயே சொல்லிட்டியே பாப்பா.”

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“நான் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பேப்பருக்கு இவ்வளவுதானா மரியாதை? படிச்சவங்க பேப்பருன்னா ஒரு இது இருக்கும்னு நினைச்சேன்.”

“உங்க கைக்காகத்தான்கா...”

“என் கை எனக்குத் தெரியாதா?”

தெரிந்துதான் இருந்தது. இரண்டு வருடமாகத் தெரியும். காலையில் மூன்றரை மணிக்கே எழுந்து, வெந்நீர் வாளியில் கைகளை முக்கி வைத்து, ஆறு மணி பஸ்ஸுக்குள் விரல்களைத் தயார் செய்துவிடுவார். முடியாத நாட்களில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சின்ன வெள்ளை மாத்திரை. யாரிடமும் காட்டிக்கொள்ளாததற்குக் காரணம், வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எழுதிக் கொடுக்கிற உடல்தகுதிப் படிவம். வலிப்பு, காசநோய், மூட்டுவாதம் என்று வரிசையாக இருக்கும். எதற்கு எதிரே “உண்டு” என்று எழுதினாலும் வேலை போய்விடும்.

“அப்புறம் ஏன்கா நீங்களா வந்து என்னை எடுத்துக்கன்னு சொன்னீங்க?”

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ நல்லா இருக்கிறவங்களைத் தேடி அலையறது முன்னாடியே என் காதுல விழுந்துச்சு. எனக்கும் ஒரு ஆசை. உன் மெஷின் என்னை நல்லா இருக்கிறவன்னு சொல்லிருச்சுன்னா, நான் சும்மா பயந்துக்கிட்டு இருக்கேன்னு வச்சுக்கலாம்ல. அதுக்காக அந்த வாரம் மாத்திரைகூடப் போடல. ரத்தம் சுத்தமா இருக்கணுமே.”

அந்த வாரம் அவர் எத்தனை பேருக்கு ஊசி ஏற்றியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டாம் தடவை நான் பொய் சொல்லிக் கேட்டபோது மறுபடியும் ஒரு வாரம்.

அதன்பின் ஒரு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. நான் போனால் எழுந்து உள்ளே போவார். இன்னொரு பெண் வந்து என் குழாய்களை நிரப்பித் தருவாள். குழுவிடமிருந்தும் பதில் இல்லை. வேறெதுவும் செய்யத் தெரியாமல், செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போய் நின்றேன்.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, சத்திரம் பஸ் நிலையத்தில் நான் பெட்டியோடு நிற்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

“அந்த நிறுத்தச் சொல்ற ஆளுங்க எனக்குக் கம்மியா இருக்காங்களா, இருந்தும் சும்மா இருக்காங்களா?”

திரும்பினேன். அக்கா.

“கம்மி இல்லக்கா. எல்லாருக்கும் இருக்கற அளவு இருக்காங்க. சொல்றது எடுபடல.”

“எங்க வீட்டுல நான் சொல்றது எடுபடற மாதிரி.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நேத்து ஒரு குழந்தைக்கு ரெண்டு தடவை குத்திட்டேன். குழாய் இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுது. விரல்தான் நான் சொன்ன இடத்துக்குப் போகல. அது என் மூஞ்சியைப் பார்த்து அழுவுது” என்றார். “இந்த ஊர்ல வேண்டாம். இங்க எல்லா டாக்டருக்கும் என்னைத் தெரியும்.”

புதுக்கோட்டையில் ஒரு மூட்டுநோய் மருத்துவர் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். வீட்டில் ஏதோ கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். மருத்துவர் வயதான மனிதர். தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல் மூட்டு என்று வரிசையாக அமுக்கி, “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அக்கா, “இல்லைங்க” என்றார். எத்தனை மூட்டில் வலி என்பதை வைத்துத்தான் நோயின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். மருத்துவர் தாளில் வரிசையாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்தது. நான் எவ்வளவு சொன்னாலும் அந்தத் தாளில் என் பதில் செல்லாது. அவர்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்து மருத்துவர் தன் இரண்டு விரல்களை நீட்டினார். “இதைப் பிடிச்சு, முடிஞ்ச மட்டும் அமுக்குங்க.”

அக்கா பிடித்தார்.

“அமுக்குங்கம்மா.”

“அமுக்கறேன் டாக்டர்.”

“இன்னும்.”

அக்காவின் கழுத்து நரம்பு தெரிந்தது. மருத்துவரின் விரல்கள் அப்படியே இருந்தன.

“இவ்வளவுதான் டாக்டர்” என்றார் அக்கா. பிறகு ரொம்பச் சின்னக் குரலில், “காலையில இதுவும் கிடையாது” என்றார்.

மருத்துவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். இரண்டாம் தடவை அமுக்கும்போது பதினாறு மூட்டுகளுக்கு அக்கா ஆமாம் என்றார். நான்தான் எண்ணினேன்.

வாரத்துக்கு ஒருநாள் போடுகிற மாத்திரை தொடங்கியது. மூன்று மாதத்தில் வெந்நீர் வாளி நின்றது. வருடம் முடியும்போது உள்ளங்கைகள் சேர்ந்தன. அவரே ரத்தம் எடுக்கும் அறையில் கைகூப்பிக் காட்டி, “விஞ்ஞானிக்கு ஒரு கும்பிடு” என்றார். ஆய்வேட்டில் பதினோராவது ஆளை நலமுள்ளோர் பட்டியலிலிருந்து நீக்கி, காரணத்தை ஒரு பத்தியில் எழுதினேன். குழுவின் பதிலும் வந்தது. நான் முந்திக்கொண்டதற்குக் கண்டிப்பு ஒரு வரி, அதற்குக் கீழே அவரிடம் மறுபடி கேட்கலாம் என்ற அனுமதி ஒரு வரி. கண்டிப்பையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன். அது எனக்கு உரியது.

இந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. மூட்டுவாதம் என்ற இடத்துக்கு எதிரே அவர், “உண்டு. மருந்து சாப்பிடுகிறேன். கட்டுப்பாட்டில் உள்ளது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பிறகுதான் தெரியும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று போனில் கத்தினேன்.

“ஊரையெல்லாம் பொய் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு, நான் வருஷா வருஷம் பொய் எழுதிக்கிட்டு இருந்தேன். கை நல்லா இருக்கறப்பவாவது உண்மையை எழுதலாம்னு பார்த்தேன்.”

விரல் மடங்காமல் இருந்த இரண்டு வருடமும் அவர் கையெழுத்திட்ட படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். விரல் குணமான வருடம் ஆளை நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் நல்ல பெண்தான். ஆனால் நாலு இடத்தில் குத்தியவர்களை அனுப்பி வைக்க அங்கே யாரும் இல்லை. அக்கா வீட்டில் இருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் போய், மருத்துவமனைக்கு எழுதப் போகிறேன் என்றபோது, “உனக்கு எதுக்கு வம்பு? உன் செல்லைப் பாரு” என்றார்.

வம்பில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். நோயின் பெயரைப் பார்த்து ஓர் ஊழியரை நிறுத்தக் கூடாது, அவர் கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இந்த முறை அக்காவிடம் கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்த புதுக்கோட்டை மருத்துவரின் சான்றிதழை இணைத்தேன். அவரைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் எந்த நாளும், யார் முன்னிலையிலும் தயாராக இருக்கிறார், அவர் ஊசி ஏற்றும் முதல் கை என்னுடையதாக இருக்கட்டும் என்று கடைசி வரியில் எழுதினேன். கீழே, பட்டம் வாங்கிய பிறகு முதல்முறையாக, பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். நேற்றுக் காலை பத்தரை மணிக்குத் தபால் பிரிவில் கொடுத்தேன். நகலில் முத்திரை குத்தித் தந்தார்கள்.